குட்டி என்றொரு பிரிண்டர்

பெரியவளுக்குக் கம்ப்யூட்டர் மேல் இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எழுத்தை மாற்றலாமென்று ஃபான்ட் லிஸ்டை அமுக்கினால் அது லேசில் விரியாது. திரை வெளுத்துப் போகும், நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். எதிரில் நிற்கும் வாடிக்கையாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "இதோ வந்துடும், இதோ வந்துடும்" என்று சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

தெருமுனை டைப்பிங் கடை அவளுடையது. விண்ணப்பம், விசிட்டிங் கார்டு, வாடகை நோட்டீஸ் என்று எது வந்தாலும் அடித்து, அச்செடுத்துக் கொடுப்பாள். சென்ற மழைக்காலம் வரை அது அக்கா தங்கை இருவரின் கடை. பெரியவள் உள்ளறையில், சின்னவள் முன்னறையில், நடுவே ஒரு பலகைத் தடுப்பு. ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஆளுக்கொரு பிரிண்டர். உள்ளறைப் பிரிண்டருக்கு 'அக்கா' என்றும் தன்னுடையதற்குக் 'குட்டி' என்றும் கம்ப்யூட்டருக்குள் பெயர் வைத்தவள் சின்னவள்தான்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் தான் அடித்ததைத் தன் பிரிண்டரில் எடுக்கக் கூடாது. அக்கா அடித்தது முன்னறையில் குட்டியில் விழும், தங்கை அடித்தது உள்ளறையில் விழும். தாள் வந்ததும் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து "வந்துடுச்சு" என்று குரல் வரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்து, தப்பைச் சுழித்து, தாளைத் தடுப்புக்கு மேலே நீட்டுவார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. பெரியவளுக்கு ல, ள இரண்டும் ஒன்றுதான். ஒரு முறை பள்ளி ஆண்டு மலருக்கு 'பல்லி ஆண்டு மலர்' என்று அட்டை அடித்துக் கொடுத்துவிட்டாள். தலைமையாசிரியர் கடைக்கே வந்துவிட்டார். சின்னவளுக்கு ர, ற தகராறு. 'மாடியில் அறை வாடகைக்கு' என்பதை 'மாடியில் அரை வாடகைக்கு' என்று அடித்ததில், பாதி வாடகைக்கு இடம் கிடைக்கிறதென்று பாதித் தெரு வீட்டுக்காரர் வாசலில் போய் நின்றது. அதற்கப்புறம்தான் ஒருத்தி அடித்ததை இன்னொருத்தி பார்க்காமல் வெளியே விடுவதில்லை என்று ஆனது.

சின்னவளுக்குக் கல்யாணம் தாமதமாகத்தான் நடந்தது. கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றலானதும், தன் கம்ப்யூட்டரையும் குட்டியையும் அட்டைப்பெட்டிகளில் கட்டினாள். அங்கே தனியாகக் கடை வைக்கப் போவதாகச் சொன்னாள். "போகாதேடி" என்ற சொல் பெரியவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. வாயைத் திறந்தபோது வந்து விழுந்தது வேறு.

"நீ இல்லன்னா ஒண்ணும் கடை நின்னுடாது."

சின்னவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டியேறினாள். போய்ச் சேர்ந்ததாக ஒரு தகவல் வந்தது, அவ்வளவுதான். யார் முதலில் பேசுவது என்பதில் இரண்டு பேருக்கும் அப்பாவின் பிடிவாதம் அப்படியே வாய்த்திருந்தது.

கடை நிற்கவில்லை. ஒவ்வொரு முறை அச்செடுக்கும்போதும் குட்டியை விட்டு 'அக்கா'வைத் தேடி அமுக்கி, தன் தப்பைத் தானே தேடிக்கொண்டிருந்தாள். தங்கை இல்லாமல் அவளுக்கு எதுவும் பிடிக்கவில்லை. யாரோ எங்கேயோ கதவைத் திறந்தால்கூட "வந்துடுச்சு" என்று கேட்டதுபோல் இருக்கும்.

ஃபான்ட் லிஸ்டின் இழுபறியும் அப்போது தொடங்கியதுதான். ஃபான்ட் அதிகமாகிவிட்டதோ என்று பாதியை அழித்தாள். வைரஸோ என்று சோதித்தாள். ஒன்றும் பலிக்காமல் கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவன் கொஞ்ச நேரம் எதையெதையோ திறந்து பார்த்தான்.

"முதல் பிரிண்டரா 'குட்டி'ன்னு ஒண்ணு நிக்குதே, அது எங்கக்கா இருக்கு?"

"அது தங்கச்சியோடது. எடுத்துட்டுப் போயிட்டா."

"அதான் சங்கதி. நீங்க லிஸ்டைத் திறக்கறப்பல்லாம் இது முதல்ல குட்டிகிட்ட போய், உனக்கு என்னென்ன எழுத்து வரும்னு கேக்குது. அங்க ஆளே இல்ல. பதில் வரும் வரும்னு நின்னு பார்த்துட்டு, சலிச்சுப் போய்தான் லிஸ்டைக் காட்டுது."

மாதக்கணக்காகத் திட்டித் தீர்த்த கம்ப்யூட்டரைப் பார்க்கப் பெரியவளுக்குத் திடீரென்று பாவமாக இருந்தது.

"'அக்கா'வை முதல்ல வச்சுட்டுக் குட்டியைத் தூக்கிடட்டுமா?"

"முதல் இடத்தை வேணா மாத்திக்க. பேரை எடுக்காத."

"இல்லாத பிரிண்டருக்குப் பேரு எதுக்குக்கா?"

"எடுக்காதேன்னு சொன்னேன்ல."

அவன் அவள் சொன்னபடியே மாற்றினான். லிஸ்ட் தொட்டவுடன் விரிந்தது. அவன் போன பிறகு அவள் அதைத் திறந்து திறந்து மூடினாள். இனி யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை என்று அது முகத்தில் அடித்தாற்போல் சொன்னது.

திரையில் இருந்தது இந்த ஆண்டின் பள்ளி மலர் அட்டை. அந்த மானக்கேட்டுக்குப் பிறகு பள்ளிக்கு எந்த 'ள' என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் போனை எடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் தங்கை.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. பள்ளிக்கு எந்த 'ள'?"

அந்தப் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. "அந்த ஸ்கூல்காரங்க இன்னுமா உன்கிட்ட வர்றாங்க?"

"வராம? உன் கடை எப்படிடி?"

"போகுது. கம்ப்யூட்டர்தான் படுத்துது. ஃபான்ட் லிஸ்ட் வர்றதுக்குள்ள உயிர் போகுது. ஒரு ஆள் வந்து பார்த்துட்டு, 'அக்கா'ன்னு ஒரு பிரிண்டர் முதல்ல நிக்குது, மாத்தினா சரியாயிடும்னாரு."

பெரியவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "மாத்திட்டியா?"

"மனசு வரலக்கா."

"மாத்துடி, வேலை கெடும். பேரை மட்டும் வச்சுக்க."

"ம்" என்றாள் சின்னவள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அந்த அட்டையைப் படம் பிடிச்சு அனுப்பு. உன்னை நம்ப முடியாது."

பெரியவள் திரையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வந்துடுச்சு" என்றது குரல்.

அவள் கண் தன்னையறியாமல் தடுப்பின் மேல்விளிம்புக்குப் போனது.