பின்சீட்டில் மேஜரோடு

அமுதத்துக்கு நாய் என்றால் உயிர் என்று அந்தமானின் ரங்கத் ஊரில் சொல்வார்கள். அதெல்லாம் ஒன்றும் கிடையாது. பிழைப்புக்குப் பழகிக்கொண்டாள், அவ்வளவுதான். ஒன்பது வருஷமாக என்ஜினியர் உதயசூரியன் வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, அந்த வீட்டு லேப்ரடாருக்குச் சோறு பிசைந்து வைத்தவள். புருஷன் லூர்துநாதன் டிக்லிபூருக்கு வலை இழுக்கப் போனான். அங்கே ஒருத்தி கிடைத்ததும் திரும்பி வரவில்லை. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த அறை ஒன்று. அதுதான் அவளுக்கு வீடு, வாசல், ஊர் எல்லாம்.

நாயின் பெயர் மேஜர். வீட்டில் பசு மாதிரி இருக்கும். காரில் ஏற்றினால் போச்சு. ஒரு தடவை ஊசி போடக் கொண்டுபோனபோது சீட்டைக் கிழித்து, மடி நிறைய வாந்தி எடுத்து, வாடகைக் காரோட்டி விஜயனின் பிடரியில் முன்காலை வைத்தது. விஜயன் வண்டியை ஓடைக்குள் இறக்கிவிட்டான்.

"மேடம், புலி இருந்தாச் சொல்லுங்க, ஏத்திட்டு வரேன். இது மட்டும் வேணாம்," என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அப்புறம் சாருக்குப் போர்ட் பிளேர் மாற்றல் வந்தது. டெலானிபூரில் குவார்ட்டர்ஸ். சார் முன்னால் போய்விட்டார். மேடம் உமா மகேஸ்வரி அமுதத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள்:

"மேஜர் அலுங்காமக் குலுங்காம அங்க வந்து சேரணும். அது உன் பொறுப்பு. சேர்த்துட்டேன்னா உனக்கும் அங்க இடம் இருக்கு. பின்னாடி ரூம் இருக்காம், பாத்ரூமோட."

பாத்ரூமோட என்ற சொல்லில் அமுதம் விழுந்தாள். ஒன்பது வருஷமாக வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓலை மறைப்புக்குள் குளித்தவள்.

மேடம் இரட்டை வாடகை பேசி விஜயனை இறங்கிவர வைத்தாள். இரண்டு மாசம் அமுதம் அவன் காருக்கு நாயைப் பழக்கினாள். முதலில், நிற்கிற காருக்குள் அதோடு சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்புறம் என்ஜினைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அப்புறம் தெருமுனை வரைக்கும். அப்புறம் ஆம்குஞ்ச் கடற்கரை வரைக்கும். கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்னாலிருந்தே சோறு கிடையாது. தண்ணீர் இரண்டு மூடிதான். அதன் சொந்த விரிப்பைத்தான் சீட்டில் போட வேண்டும். கண்ணாடி இரண்டு விரல் இறங்கியிருக்க வேண்டும். இதெல்லாம் மேடம் போனில் வீடியோ பார்த்துச் சொன்னது. நாய்க்கு மாட்டுகிற சீட் பெல்ட் கப்பலேறி வர நாற்பது நாள் ஆனது. வீடியோவில் இல்லாத ஒன்றை அமுதமே கண்டுபிடித்தாள். அவள் வலது கை அதன் கழுத்தில், கட்டைவிரல் காதுக்குப் பின்னால் இருக்கிறவரை மேஜர் அசையாது. கையை எடுத்தால் பேய்தான்.

கிளம்பிய அன்று அவளுடைய தகரப் பெட்டிக்கு டிக்கியில் இடம் இல்லை. நாயின் மெத்தையும் தட்டும் மாவு மூட்டையும் அடைத்துக்கொண்டிருந்தன.

"லாரியில பின்னாடி வரும், ஏறு," என்றாள் மேடம். சாமான் லாரி போய் இரண்டு நாள் ஆகிவிட்டது என்பது அமுதத்துக்குத் தெரியும். ஒரு ரெக்சின் பையோடு ஏறினாள்.

பாராடாங் வரைக்கும் நாய் அரசனைப் போல வந்தது. விஜயன் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். "கமால் ஹை தீதி, அதிசயம்தான். என் பொண்டாட்டி கழுத்துலயும் இப்படி ஒரு கை வச்சுக் குடு. ஆமா, நீ ராத்திரியிலிருந்து தண்ணி குடிக்கலையாமே?"

"குடிச்சா எங்க போக? காட்டுக்குள்ள நீ வண்டிய நிப்பாட்டுவியா?"

"நான் நிப்பாட்டினா போலீஸ்காரன் லைசென்சைப் புடுங்கிருவான். பந்தோபஸ்தோட போறோம்ல."

ஜலசந்தியைத் தாண்டினால் ஜாரவா பழங்குடிகளின் காடு. போலீஸ் வண்டி முன்னால் போக, எல்லா வண்டியும் வரிசையாகக் கான்வாயில் போக வேண்டும். நடுவில் நிற்கக்கூடாது, கண்ணாடியை இறக்கக்கூடாது. ஒன்றரை மணி நேரம்.

ஃபெர்ரித் துறையில் மேஜரை இறக்கி, மூன்று மரத்தடியில் காலைத் தூக்கவிட்டு, மினரல் வாட்டரில் இரண்டு மூடி கொடுத்து ஏற்றினாள். அமுதத்துக்கும் முட்டிக்கொண்டு நின்றது. தண்ணீர் குடிக்காவிட்டாலும் அது பாட்டுக்கு அது வரும்.

"மேடம், அஞ்சு நிமிசம் போயிட்டு வந்துருதேன்."

"நீ போனாக் கத்தும். வரிசையில நிக்கிற எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. ஃபெர்ரி வந்துருச்சு, அடக்கிக்கோ. சின்னப் பிள்ளையா நீ?"

அடக்கிக்கொண்டாள்.

ஃபெர்ரியில் என்ஜினை அணைத்ததும் காருக்குள் வெந்தது. மேடம் இறங்கிக் காற்றில் நின்று சாருக்குப் போன் பண்ணினாள். அமுதம் அட்டையால் நாய்க்கு விசிறிக்கொண்டிருந்தாள். நாய்க்காக இறக்கி வைத்த இரண்டு விரல் கண்ணாடி வழியே அத்தனையும் கேட்டது.

"இந்திராணி வந்துட்டாளா? ரூமைக் காட்டிருங்க, இன்னிக்கே தங்கட்டும்... இவளா? இவ இல்லாம அது கார்ல வராதுங்க, அதுக்குத்தான் இழுத்துட்டு வரேன். கையோட பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிரலாம்... இல்லல்ல, தேடாது. பழகுனவங்க துணி ஒண்ணைப் பக்கத்துல போட்டுட்டா ரெண்டு நாள்ல மறந்துருமாம்."

அமுதம் விசிறுவதை நிறுத்தவில்லை.

கான்வாய் புறப்பட்டது. கண்ணாடிகள் ஏறின. முன்னால் பதினைந்து வண்டி, பின்னால் இருபது வண்டி, இரண்டு பக்கமும் காடு. நாலைந்து கிலோமீட்டர் போனதும் அமுதம் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மேஜர் முதலில் அவள் முகத்தைப் பார்த்தது. அப்புறம் எச்சில் ஒழுகியது. அப்புறம் எழுந்து நின்று, பெல்ட் இழுக்க, கதவைப் பிறாண்ட ஆரம்பித்தது.

"என்ன ஆச்சு? பிடி அதை," என்று திரும்பினாள் மேடம்.

"அங்க எனக்கு ரூம் இருக்கா மேடம்?"

"இப்ப என்ன பேச்சு? கையை வை."

"இருக்கா?"

நாய் ஊளையிட்டது. வெறும் வயிற்றிலிருந்து மஞ்சளாக நுரை கக்கி அவள் சேலையில் கொட்டியது. அவள் துடைக்கக்கூட இல்லை. நாய் முன்சீட்டுக்குப் பாய, பெல்ட் வெட்டி இழுத்து, மூச்சு முட்டிக் கீழே விழுந்தது. மறுபடி எழுந்தது.

விஜயன் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டான். "தீதி, ஹாத் ரக்கோ, கையை வை. வண்டியை மரத்துல விட்டுருவேன். மேடம், எதையாச்சும் சொல்லித் தொலைங்க."

"இருக்கு, இருக்கு. என் பிள்ளைங்க மேல சத்தியம், ரூம் உனக்குத்தான்."

"சாருக்குப் போனைப் போட்டுச் சொல்லுங்க."

"இங்க ஏதுடி டவர்?"

அது உண்மை. அந்தக் காட்டுக்குள் எந்தப் போனும் எடுக்காது. அமுதம் சத்தியத்தை நம்பவில்லை. ஆனாலும் கையைத் திருப்பி வைத்தாள். நாய் மேல் இரக்கப்பட்டு வைத்தாள் என்று சொன்னால் பொய். அது மடியில் ஏறி அடிவயிற்றை ஒரு மிதி மிதித்தது. இன்னொரு மிதியை அவளால் தாங்க முடியாது. கை பட்டதும் மேஜர் நடுங்கிக்கொண்டே படுத்தது. கையை எடுத்தவளின் கையையே நக்கியது. காடு முடிகிற ஜிர்காடாங் வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

டெலானிபூர் வீட்டு அடுப்படியில் இந்திராணி நின்றுகொண்டிருந்தாள். பின்னறைக் கொடியில் அவள் துணி காய்ந்துகொண்டிருந்தது. சார் நாயின் தலையைத் தடவி, "நல்லாக் கொண்டுவந்து சேர்த்துட்டீங்கப்பா," என்று விஜயனிடம் சொன்னார்.

"சத்தியம் பண்ணினீங்களே மேடம்," என்றாள் அமுதம்.

"கழுத்துல கத்தியை வச்சுக் கேட்டா எவளும் சத்தியம் பண்ணுவா. ஒன்பது வருஷம் சோறு போட்ட கையையே கடிக்கப் பார்த்தியே. அந்த நாய்கூட அதைச் செய்யாது." மேடம் மூக்கைச் சுளித்தாள். "பின்னாடி பாத்ரூம் இருக்கு, போயிட்டு வந்து கிளம்பு. இந்தச் சேலையை இங்க விட்டுட்டுப் போ, மேஜருக்கு வேணும். வாந்தி நாறுது பாரு, நல்லா அலசிக் குடு."

அலசினால் சேலையில் தன் வாசனை மிஞ்சாது, எதற்குக் கேட்கிறீர்களோ அது போய்விடும் என்று அமுதம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "செரி மேடம்," என்றாள்.

பாத்ரூமுக்குள் போய் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். பையிலிருந்த மாற்றுச் சேலையைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் வாந்தி பட்ட சேலையைக் கல்லில் போட்டு, இந்திராணியின் சோப்பை வாங்கி மூன்று தடவை கும்மினாள். கழுவுகிற இடத்தில் பினாயில் இருந்தது. கடைசித் தண்ணீரில் அதையும் ஊற்றி முக்கிப் பிழிந்தாள்.

"பளிச்சுன்னு ஆயிருச்சே," என்றாள் மேடம். வாங்கி மெத்தையில் விரித்தாள். மேஜர் மோந்து பார்த்துத் தும்மியது. அமுதம் கேட்டைச் சாத்திக்கொண்டு இறங்கினாள். பின்னால் மேஜரின் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

ரங்கத் பஸ் மறுநாள் விடியற்காலையில்தான். ரங்கத்தில் குவார்ட்டர்ஸைப் பூட்டியாகிவிட்டது. அங்கே போய் எங்கே இறங்குவது என்று அவளுக்கே தெரியாது. பஸ் ஸ்டாண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, சாயங்காலம் நாலு மணி இருக்கும், போன் அடித்தது.

"அமுதம், வாசல்லயே விழுந்து கிடக்கு. தண்ணி தொடலை. அந்தத் துணியைக் கிழிச்சுப் போட்டுருச்சு. இந்திராணி கையைக் கடிக்க வருது. போனை அது காதுகிட்ட வைக்கிறேன், நீ ஒரு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிடு. எந்திரிச்சிரும்."

"ரூம் மேடம்?"

"அதான் இந்திராணி வந்துட்டாளேம்மா. முதல்ல நாயைப் பாரு. இந்தா, வைக்கிறேன்."

போனில் மேஜர் கேட்டது. அடித்தொண்டையிலிருந்து நீளமாக ஒரு ஊளை. மூச்சு வாங்கி மறுபடி ஒன்று. பேரைச் சொன்னால் போதும், வாலாட்டிக்கொண்டு எழுந்து போய்ச் சோற்றில் வாயை வைக்கும். அதை அவளைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது.

அமுதம் போனைக் காதில் வைத்தபடி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடம் நடுவில் இரண்டு தடவை ஹலோ, ஹலோ என்றாள். அவள் பேசவும் இல்லை, வைக்கவும் இல்லை. அந்தப் பக்கம் அலுத்துப்போய் வைக்கிறவரை, நாய் கத்துவதை முழுசாகக் கேட்டாள்.