ஒரு டிக்கெட், வீட்டுக்கு ஒரு சுமை விறகு

மொரப்பூர் ஸ்டேஷனில் நான் புக்கிங் கிளார்க்காகச் சேர்ந்த புதிது. முப்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலில் ஒரு முகம் வந்தால் ஒரு டிக்கெட், அவ்வளவுதான் நான் படித்திருந்த உத்தியோகம். அன்றைக்குச் சித்தேரி மலையிலிருந்து ஓர் ஊரே இறங்கி வந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. தேனும் புளியும் சந்தையில் விற்ற காசை ஊர்க்கவுண்டர் துண்டில் முடிந்து வைத்திருந்தார்.

“பட்டணத்துல ஐகோர்ட்டு மேல லைட் ஹவுஸ் இருக்குதாமே. அதைப் பாக்கணுங்க. என்ன செலவாகும்?”

போக வர தேர்டு கிளாஸ் சார்ஜ், மேலே ஏறத் தனிக் காசு, சாப்பாடு என்று சொல்லிவிட்டு, எத்தனை பேர் என்று கேட்டேன்.

“ஒருத்தன் போதுங்க. ஊருக்காக இவன் பாத்துட்டு வருவான்” என்று சடையன் என்பவனை முன்னால் தள்ளினார்.

எனக்கு எரிச்சல். ஒரு டிக்கெட்டுக்கா இத்தனை கூட்டம்?

“ஏன் இவரு?”

“எங்க ஊர்ல பொய் சொல்ல வராத ஆளு இவன் ஒருத்தந்தாங்க.”

மற்றவர்கள் சிரித்தார்களே தவிர, யாரும் மறுக்கவில்லை.

அதோடு விட்டார்களா? சடையன் மேலே நிற்கிற சாயங்காலம், மலை உச்சியில் நெருப்பு மூட்டுவார்களாம். வீட்டுக்கு ஒரு சுமை விறகு. அவன் அங்கிருந்து அதைப் பார்க்க வேண்டுமாம்.

“அவ்வளவு தூரம் தெரியாது கவுண்டரே.”

“அவங்க நெருப்பு நடுக்கடல்ல கப்பல்காரனுக்குத் தெரியுது. எங்க நெருப்பு மட்டும் தெரியாதுங்களா?”

டிக்கெட்டில் தேதி குத்திக் கொடுத்தேன்.

அவன் திரும்பிய அன்று பிளாட்பாரம் முழுக்க அவர்கள்தான். தெரியவில்லை என்று சொன்னால் அத்தனை முகமும் வாடிவிடுமே என்று பட்டது. வண்டியை விட்டு இறங்கியவனிடம் ஓடிப்போய், “தெரிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுப்பா” என்றேன்.

“பொய் சொல்றதுக்கா சாமி ஊரு காசு குடுத்துச்சு?”

படிக்கட்டு, காற்று, கப்பல் எல்லாம் சொன்னான். கடலுக்கு அக்கரையே இல்லை என்றபோது ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நம்ம நெருப்பு?” என்றார் கவுண்டர்.

“தெரியலைங்க. இருட்டுற வரைக்கும் நின்னேன். காவக்காரரு எறங்குன்னாரு. ஊர்ல எனக்காக நெருப்பு போட்டிருக்காங்கன்னேன். அவரும் பக்கத்துல வந்து நின்னு பாத்தாரு. ரெண்டு பேருக்கும் தெரியலைங்க.”

கவுண்டர் தாடியைச் சொறிந்தார்.

“வெறகு பத்தலைடா” என்றார்.

பிளாட்பாரமே சிரித்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், அன்றைக்கு ஏன் என்று புரியவில்லை.

அடுத்த வருஷம் சாமை அறுப்பு முடிந்ததும் அதே ஜன்னலில் அதே துண்டு முடிச்சு. “ஒரு டிக்கெட்டுங்க. இந்தத் தடவை வூட்டுக்கு ரெண்டு சுமை.”

என் பங்கு என்று கொஞ்சம் காசை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “காசு இருக்குதுங்க. வந்து ஒரு சுமை தூக்குங்க.”

லீவு போட்டுவிட்டு மலையேறினேன். நெருப்பு அங்கே தெரியாது என்று தெரிந்தேதான் தூக்கினேன். தோள் இரண்டு நாள் வலித்தது. லைட் ஹவுஸ் பார்க்க என்ன செலவாகும் என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் விறகையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.