ஒருவர் மறுத்தால் போதும்

ஒற்றைச் சொல்லால் ஒரு காரியத்தை நிறுத்தும் அதிகாரம் இருந்தும் வாய் திறக்காமல் இருந்தவரை, அந்தக் காரியத்தைச் செய்தவர் என்று சொல்லலாமா? தன் தாய் மெர்ல் ஹாட்ரிக்கைப் பற்றி எங்கிருந்து நினைக்கத் தொடங்கினாலும் கிளின்ட் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்பான். அவள் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. கேள்வி மட்டும் போகவில்லை.

மெர்ல் ஆஸ்திரேலியாவின் செஸ்நாக் ஊரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்தாள். வியட்நாம் போருக்கு ஆள் எடுத்த காலத்தில் அவளுடைய அண்ணன் லெஸ் போக மறுத்துச் சிறைக்குப் போனான். அப்பா பழைய போர்வீரர். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் மகனின் பெயரை உச்சரிக்கவில்லை. சிறையில் லெஸ்ஸைத் தேடி வந்தவர்கள் போரை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் மட்டும்தான். கேக் கொண்டுவந்தார்கள். உபதேசம் செய்யாமல், கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். இவர்கள் என்ன மாதிரி மனிதர்கள் என்று பார்க்கப் போன மெர்ல், அவர்களோடே தங்கிவிட்டாள்.

அங்கே பாதிரியாரும் இல்லை, பாட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஒரு மணி நேரம் மௌனமாக இருப்பார்கள். உள்ளிருந்து ஏதாவது உந்தினால் எழுந்து பேசலாம். பெரும்பாலும் யாரும் எழுவதில்லை. தகரக் கூரைமேல் மாக்பை பறவை நடக்கிற சத்தத்தைக் கேட்டபடி கிளின்ட் அந்த வட்டத்துக்குள் வளர்ந்தான். மீசை அரும்பிய வயதில், "இனிமே நான் வரல" என்றான். "சரி" என்றாள். மறுபடி கூப்பிடவே இல்லை. கூப்பிட்டிருக்கலாம் என்று அவனுக்குப் பின்னால் தோன்றியதுண்டு.

அவளைப் புனிதவதியாக்குவதில் அர்த்தமில்லை. பிறந்தநாள்களை மறப்பாள். கேட்ட கேள்விக்குப் பதில் தோன்றாவிட்டால், எதிரில் இருப்பவர் எவ்வளவு தவித்தாலும் சும்மாவே இருந்துவிடுவாள். பொய் மட்டும் வராது. ஜோடி என்ற மருமகள் முதல்முதலாக இறைச்சி ரோஸ்ட் சமைத்துவிட்டு, "எப்படி இருக்கு அத்தை?" என்று கேட்டபோது, "காய்ஞ்சு போச்சு. உருளைக்கிழங்கு பரவால்ல" என்றாள். ஜோடி அன்றிரவு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பாதி சிரிப்பு, பாதி கோபம்.

கிளின்ட் நிலக்கரி ரயில் ஓட்டினான், சுரங்கத்திலிருந்து நியூகாசில் துறைமுகத்துக்கு. "என்னையும் கரிதான்டா வளத்துச்சு" என்பாள் மெர்ல். அந்த வேலையை அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஒரு விடிகாலை, மெய்ட்லண்டுக்கு அப்பால், ஒரு ஆள் வேண்டுமென்றே அவன் ரயிலுக்கு முன்னால் தண்டவாளத்தில் வந்து நின்றான். அந்த நீளத்து ரயில் பிரேக் போட்ட இடத்தில் நிற்காது. அதற்குப் பிறகு வீட்டோடு கிடந்த மகனின் பக்கத்தில், பின்வாசல் படியில், மெர்ல் தினமும் வந்து உட்கார்ந்தாள். எதுவும் பேசவில்லை. அவனை மறுபடி எஞ்சினில் ஏற்றியது அந்த மௌனம்தான்.

மெர்ல் வேலை பார்த்த ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு தெக்கேயா என்ற பெண் வந்து சேர்ந்தாள். பசிபிக் கடலில் இருக்கும் கிரிபாட்டி தீவுக்காரி. அவள் ஊரில் கடல் ஏறிக் கிணறுகள் உப்பாகிவிட்டன, கிழங்கு பயிரிடும் குழிகள் அழுகிவிட்டன. கரியை எரிப்பதால்தான் கடல் ஏறுகிறது என்பாள். அவளும் மெர்லோடு ஞாயிற்றுக்கிழமை வட்டத்துக்கு வரத் தொடங்கினாள். ஒருநாள் மௌனத்தின் நடுவில் எழுந்து, துறைமுகத்துக்கு முந்தின பாலத்தருகே கரி ரயில் போகும் தண்டவாளத்தில் நாற்காலி போட்டு, நம் மௌனத்தை அங்கே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டாள்.

இப்படிப்பட்ட விஷயத்தைக் குவேக்கர்கள் தனிக் கூட்டத்தில் பேசி முடிவு செய்வார்கள். கை தூக்குவது, ஓட்டுப் போடுவது எதுவும் கிடையாது. கூட்டத்தை நடத்துகிறவர் தீர்மானத்தை அங்கேயே எழுதி வாசிப்பார். ஒரே ஒருவர் "என்னால ஒத்துப்போக முடியல" என்றால் போதும், காரியம் நின்றுவிடும். நடத்தியவர் ரூபர்ட், ஓய்வு பெற்ற பல் மருத்துவர். கிளின்ட் எந்தப் பாதையில் ஓட்டுகிறான், தண்டவாளத்தில் வந்து நின்ற அந்த ஆள் எப்படிச் செத்தான் என்பதெல்லாம் அங்கே எல்லோருக்கும் தெரியும். ரூபர்ட் எழுதியதை வாசித்துவிட்டு மெர்லைப் பார்த்தபடி வெகுநேரம் காத்திருந்தார். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. 'அனைவரும் ஒருமனப்பட்டோம்' என்று அவர் எழுதி முடித்தார். மௌனத்தில் கடவுளைக் கேட்டுப் பழகியவர்கள், பக்கத்து நாற்காலியின் மௌனம் எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்காமல் விட்டார்கள்.

உட்காருவதற்கு முன் அவர்களே ரயில் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து இடத்தைச் சொன்னார்கள். சிக்னல் சிவப்பானது. கிளின்டின் ரயில் அதை அப்போதுதான் தாண்டியிருந்தது. ரேடியோவில் குரல் வந்ததும் அவன் பிரேக்கை இழுத்தான். வளைவு திரும்பியதும் மடக்கு நாற்காலிகளின் வட்டம் தெரிந்தது. அதில் அம்மாவின் நீல மழைக்கோட்டு.

ரயில் தூரத்திலேயே நின்றுவிட்டது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பிரேக் பிடியிலிருந்து கிளின்டின் விரல்களை உடன் ஓட்டுநர் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவன் ரயில் ஓட்டவில்லை. "மச்சான், உங்கம்மா இன்னைக்கு எந்த வட்டத்துல வாய மூடி உக்காந்திருக்காங்க? சொன்னா டீ வாங்கிட்டுப் போவேன்ல" என்று அதுவரை டிப்போவில் அவனைக் கிண்டல் செய்தவர்கள், அன்று முதல் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து போனார்கள். கிண்டலே தேவலை என்று இருந்தது அவனுக்கு.

கைதான மெர்லைப் போலீஸ் விட்டதும் நேரே அவள் சமையலறைக்குப் போய் நின்றான்.

"நான் அந்த லைன்ல வருவேன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"முடியாதுன்னு ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தா நின்னிருக்கும்ல?"

"நின்னிருக்கும்."

"அப்ப ஏம்மா சொல்லல?"

மெர்ல் கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள். அது கொதித்து அடங்கியது. அவள் கோப்பையை எடுக்கவில்லை.

"உங்க கூட்டத்துல இதுக்குப் பேரு ஜெபம்" என்றான் கிளின்ட். "எங்க டிப்போல வேற பேரு சொல்லுவாங்க."

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அவன் போகவில்லை. பிள்ளைகளையும் அனுப்பவில்லை. ஜோடி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

அவன் டவுன் பஸ் ஓட்டத் தொடங்கியிருந்தான். மழை பெய்த ஒரு மாலையில் தெக்கேயா பஸ்ஸில் ஏறி, அவன் பின்னாலேயே நின்றுகொண்டாள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் அவள் இறங்கவில்லை.

"உங்கம்மா சரியா சாப்பிடறதில்ல தம்பி. கேட்டா பசிக்கலங்கறாங்க. அவங்க பொய் சொல்ல மாட்டாங்களா, அதான் பயமா இருக்கு."

"அன்னைக்கு ஏன் வாய் திறக்கலன்னு உங்ககிட்டயாவது சொன்னாங்களா?"

"நான் கேக்கல. என்கிட்ட 'உனக்காகத்தான்'னு அவங்க சொல்லிட்டா நான் என்ன செய்ய?" கண்ணாடி வழியே அவனைப் பார்த்தாள். "கடல் ஏற ஏற எங்கப்பா எலும்ப ரெண்டு தடவ தோண்டி எடுத்து உள்ள தள்ளிப் புதைச்சாச்சு. இன்னொரு தடவ தள்ள அங்க நெலம் இல்ல. அத வச்சுத்தான் தண்டவாளத்துல உக்காரலாம்னு கூட்டத்துல கேட்டேன். உன்ன நெனச்சுப் பாக்காம கேட்டேன். அதுவும் நெசம்."

மறுநாள் கிளின்ட் அம்மாவிடம் போனான். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. அவள் இளைத்திருந்தாள். சூப் வைத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுத் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்துவிட்டு வந்தான். பிறகு வாரம் ஒருமுறை போனான்.

வசந்தத்தில் தெக்கேயா மீண்டும் அதே விஷயத்தைக் கூட்டத்தின் முன் வைத்தாள். கிளின்ட் தானே அம்மாவிடம் பேச்சை எடுத்தான்.

"இந்தத் தடவ எனக்காகப் பாக்காதம்மா. நான் பஸ்தானே ஓட்டறேன். பழைய டிரைவருங்ககிட்டயும் முன்கூட்டியே சொல்லிட்டேன், பாத்து வருவாங்க. தெக்கேயா கேக்கறதுல தப்பில்ல. நீ போய் உக்காரு."

"கேட்டுக்கிட்டேன்" என்றாள்.

"சரின்னு சொல்லேன்."

"கேட்டுக்கிட்டேன்டா."

கூட்டத்தன்று காரில் அவளைக் கூட்டிப் போனவனை, உள்ளே இருக்கலாம் என்று ரூபர்ட் அனுமதித்தார். வட்டத்துக்கு வெளியே சுவரோரம் உட்கார்ந்தான். இந்த முறை ரூபர்ட் மௌனத்தை நம்பவில்லை. வாசித்து முடித்ததும், "ஒவ்வொருத்தரா வாய்விட்டுச் சொல்லிடுங்க" என்றார். அவர்கள் வழக்கத்தில் இல்லாதது அது. ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். தெக்கேயா ஒப்புக்கொண்டு, பக்கத்தில் இருந்த மெர்லின் கையைத் தொட்டாள்.

வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் மெர்லுக்குப் பொய் வராது. அவள் எழுந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னால இதோட ஒத்துப்போக முடியல."

தெக்கேயா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். சுவரோரம் கிளின்ட் பாதி எழுந்துவிட்டான். "அம்மா, நான்தான் சொன்னேனே" என்பது தொண்டைவரை வந்தது. அங்கே பேச அவனுக்கு இடமில்லை. ரூபர்ட் பேனாவைக் கீழே வைத்தார். காரணம் கேட்பது முறையில்லை. அவர் அதன் ஓரம்வரைதான் போனார்.

"வேற ஏதாவது சொல்லணுமா, மெர்ல்?"

"இல்ல" என்று சொல்லி அவள் உட்கார்ந்தாள்.