குளத்துக்கு வழி விட்ட மதில்

தாராவியில் நடந்த சாவு எனக்கு ஊரிலிருந்துதான் தெரியவந்தது. மும்பை கிங்ஸ் சர்க்கிளில் காப்பித்தூள் அரைக்கக் கொடுத்துவிட்டுக் கடை வாசலில் நின்றிருந்தேன். மஞ்சணத்திக்குளத்திலிருந்து வேலம்மாள் கூப்பிட்டார். எங்கள் ஊரில் ஆடு வைத்துப் பிழைக்கிற பெண்.

"தம்பி, பூரணம் போயிட்டாளாமே. நெசமா?"

எனக்கு எதுவும் தெரியாது என்றேன்.

"நீங்க பக்கத்துலதான இருக்கிய. போய்ப் பாருங்க," என்றார். பிறகு போனை வைக்க மறந்து அழுதுகொண்டிருந்தார்.

பூரணம் அக்காவின் மகள் கலா, அம்மாவின் மூச்சு நின்றதும் முதலில் ஊருக்குத்தான் சொல்லியிருக்கிறாள். காரணத்தைப் பிறகு கேட்டேன். "அம்மாதான் அப்படிச் சொல்லி வச்சிருந்தாங்க மாமா. இங்க உள்ளவங்களுக்கு நாம அழுற சத்தத்துலயே தெரிஞ்சிரும், தூரத்துல உள்ளவங்களுக்குத்தான் சொல்லணும்னாங்க," என்றாள். நான் போய்ச் சேர்வதற்குள் சந்து முழுக்க ஆட்கள் நின்றார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் தங்கள் முக்காலிகளைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள்.

மும்பையில் உள்ள நம் ஊர்ச் சங்கத்தின் மலரைப் படிக்கும் உங்களில் பலருக்கு அக்காவைத் தெரியும். ஆனால் அவர் என்ன செய்தார் என்பது இளையவர்களுக்கு அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கிறது. தமிழ் வாசிக்கத் திணறும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், இதை யாராவது அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

மஞ்சணத்திக்குளத்தில் பிறந்து, கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவர் அக்கா. கணவர் தோல் பட்டறையில் வேலை பார்த்தார். நெஞ்சுவலியில் அவர் இளம் வயதிலேயே போய்விட, அக்கா கீழ்க்கோலி என்று இங்கே சொல்கிற தரைத்தள அறையில் தையல் மெஷின்களைப் போட்டுப் பள்ளிக்கூடப் பைகள் தைக்கத் தொடங்கினார். மகளைப் படிக்க வைத்தார். தன் தையல் பட்டறையில் வேலை பார்த்த பீகார்ப் பெண்களோடு இந்தியில் சண்டையும் போடுவார், சாப்பாட்டையும் பகிர்ந்துகொள்வார்.

சங்கத்துக்குள் அவர் வந்த விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது நான் செயலாளரான புதிது. பொங்கல் விழாவுக்குப் பெண்கள் சமைப்பார்கள்; ஆண்கள் மாடியில் கூட்டம் போடுவோம். அந்த வருஷம் கூட்டம் தொடங்கும் நேரத்தில் கதவு திறந்தது. கையிலிருந்த ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே அக்கா உள்ளே வந்தார். மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்து, நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"கீழ பொங்கியாச்சி. இனி இங்க என்ன வேலை இருக்குன்னு சொல்லுங்க," என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு ஆறேழு பெண்கள் வந்தார்கள். அதற்கடுத்த கூட்டத்தைப் பெரிய அறைக்கு மாற்ற வேண்டியிருந்தது.

கண்ணாடி ஆலை வரப்போகிறது என்ற செய்தி அதற்குச் சில வருஷம் கழித்து வந்தது. ஊரின் மேற்கே உள்ள மானாவாரி நிலம், பனைவிளை, அதைத் தாண்டியுள்ள தரிசு எல்லாம் சேர்த்து ஒரே வளாகமாக எடுக்கிறார்கள் என்றார்கள். அந்த நிலத்தில் பெரும்பகுதி பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்து. தாத்தா பேரில் இருக்கும். பேரன் பேத்திகளில் பாதிப்பேர் தாராவியிலும் கல்யாணிலும் அம்பர்நாத்திலும் இருப்பார்கள். ஊரில் உள்ளவர்கள் மட்டும் கையெழுத்துப் போட்டால் நிலம் கைமாறாது. அதனால் நிலத் தரகர்கள் ரயிலேறி நம் சந்துகளுக்கே வந்தார்கள்.

சங்க அறையில் முதல் கூட்டம் நடந்தது. கம்பெனி சார்பில் சதீஷ் என்ற அதிகாரி வந்திருந்தார். நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசினார். சுவரில் வரைபடத்தைக் காட்டி விளக்கினார். நம்மவர்கள் முகத்திலெல்லாம் சந்தோஷம். கண்ணால் பார்த்தே பல வருஷமான செம்மண் நிலத்தை விற்று, கல்யாணில் சொந்தமாக ஒரு வீடு வாங்கலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? எனக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது. நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அக்கா எழுந்து வரைபடத்தின் அருகே போனார். ஊர்க்குளத்தைத் தேடி விரலை வைத்தார். குளம் அரசுப் புறம்போக்கு என்பதால் அதை யாரும் விற்கவில்லை. ஆனால் அதைச் சுற்றியிருந்த நிலமெல்லாம் மதிலுக்குள் போயிருந்தது.

"குளத்துக்கு எந்த வழியா போறது சார்?"

"குளம் அப்படியே இருக்கும் மேடம். அதை நாங்க தொடவே இல்ல."

"இருக்கும். யாரு போக முடியும்? ஆடு எங்க மேயும்?"

"மேய்ச்சலுக்குன்னு அங்க யாருக்கும் பட்டா இல்லையே மேடம்."

"ஆட்டுக்குப் பட்டா கெடையாது சார். வயிறு இருக்கு."

அறையில் எல்லோரும் சிரித்தோம். சதீஷும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அன்றைக்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், ஊரில் உள்ளவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறோம் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவைத்தார்.

அவரும் நானும் ஊருக்குப் போனோம். ரயிலில் நான் பழைய கதைகளை ஆரம்பித்தபோது அவர் இடைமறித்தார். "எனக்கு ஊர் ஏக்கம்லாம் கெடையாது தம்பி. அந்த ஊர்ல நான் குடிச்ச தண்ணியவிட சுமந்த தண்ணிதான் அதிகம். இப்ப கேக்கத்தான் போறோம், கொண்டாட இல்ல."

கோயில் முன்பு ஊர் கூடியது. முதலில் பேசியது வேலம்மாள். "நிலம் உங்களுது, வித்துக்கிடுங்க. குளத்தை அடைச்சிட்டா என் ஆட்டுக்குத் தண்ணிய எங்கேருந்து கொண்டாருவேன்? எனக்குச் சொந்தம்னு இந்த ஊர்ல ஒரு செண்டு கெடையாது. ஆனா நான் இங்கதான் இருக்கேன். நீங்க அங்க இருக்கிய," என்றார்.

அவருக்குப் பின்னால் நின்ற மாரிச்செல்வி என்ற பெண்ணும் பேசினாள். டிப்ளமோ படித்துவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனி விடுதியில் கிடந்தவள், இதற்காக லீவு போட்டு வந்திருந்தாள். "அத்தை, பேக்டரி வேண்டாம்னு மட்டும் சொல்லிராதிய. எங்க அம்மா சமைச்சதைச் சாப்பிட்டுட்டு வேலைக்குப் போகணும்னு எனக்கும் ஆசை இருக்கு," என்றாள். இளைஞர்கள் கைதட்டினார்கள். ஆடு வைத்திருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கூட்டம் இரண்டாகப் பிரியப் போகிறது என்று எனக்குத் தோன்றியது.

அக்கா வேலம்மாளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மாரிச்செல்வியின் பக்கத்தில் உட்கார வைத்தார். "ரெண்டு பேரு சொல்லுததும் சரி. ஒருத்திக்காக இன்னொருத்திய விட முடியாது. ரெண்டையும் சேத்துக் கேப்போம்," என்றார். அன்று சாயங்காலமே ஊர்க்காரர்களோடு குளக்கரையைச் சுற்றி நடந்தார். எந்தப் பக்கம் பாதை வேண்டும், மேய்ச்சலுக்கு எவ்வளவு அகலம் விட வேண்டும் என்று அவர்களையே காட்டச் சொன்னார். குளத்தை ஒட்டிய துண்டுகளில் தன் அப்பாவின் நிலமும் இருப்பது அக்காவுக்கு அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. அவருடைய கையெழுத்து இல்லாமல் அங்கே மதில் எழும்பாது.

திரும்பி வரும்போது சொன்னார்: "கையெழுத்து நம்மகிட்ட இருக்கு. பொழப்பு அவியகிட்ட இருக்கு. ரெண்டும் சேராம யாரும் எதையும் குடுத்துரக் கூடாது."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் இருந்ததே இல்லை. தாராவியின் ஒவ்வொரு சந்தாக, பிறகு கல்யாண், அம்பர்நாத் என்று பங்குதாரர்களின் வீடுகளுக்கு நடந்தார். யாரும் தனியாகக் கையெழுத்துப் போடக் கூடாது. குளத்தைச் சுற்றி மேய்ச்சலும் பாதையும் விட்டு, ஊர்ப் பெண்களுக்கும் பயிற்சியும் வேலையும் உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதினால் எல்லோரும் சேர்ந்து போடலாம். இதைத்தான் எல்லா வீட்டிலும் சொன்னார். சில வீடுகளில் டீ கொடுத்தார்கள். சில வீடுகளில் டிவி சத்தத்தைக் குறைக்கவில்லை.

அம்பர்நாத்தில் இருந்த அவருடைய சொந்தத் தம்பி சுடலைமணியிடம்தான் பெரிய சண்டை. அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நிலம் விற்றுத்தான் செய்ய வேண்டும் என்ற நிலை.

"நானே பேக்டரில வேலை பாத்துப் பொழைச்சவன். பேக்டரி வந்தா உனக்கென்ன? பொண்ணு கல்யாணம் நிக்கி. உனக்குக் குளம் பெருசாப் போச்சா?" என்றார்.

"பேக்டரிய நான் எங்க வேண்டாம்னேன்? அவசரத்துக்கு விக்காதன்னுதான் சொல்லுதேன். கல்யாணம் நிக்காது. அது எம் பொறுப்பு."

சொன்னபடியே செய்தார். கல்யாணம் சங்க மண்டபத்தில் நடந்தது. சமையல் நம் பெண்கள், பந்தல் நம் பையன்கள். பட்டறையில் வேலை பார்த்த பீகார்ப் பெண்கள் வாசலில் கோலம் போடக் கற்றுக்கொண்டு போட்டார்கள். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த சுடலைமணி நடுவில் வாளியைக் கீழே வைத்துவிட்டு அக்காவிடம் வந்து, "சரிக்கா, உன்கூடவே போடுதேன்," என்றார். அவ்வளவுதான் பேச்சு. அண்ணன் தம்பிகளே கோர்ட்டில் நிற்கிற காலத்தில் அந்தக் காட்சியை நான் நேரில் பார்த்தேன் என்பதில் எனக்குப் பெருமை.

எல்லோரும் காத்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிலர் தரகரோடு போய்த் தனியாகப் போட்டுவிட்டார்கள். அவர்களைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்று கூட்டத்தில் கத்தினோம். அக்கா விடவில்லை. "அவன் வீட்ல ஆஸ்பத்திரிச் செலவு ஓடுது. எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். யாரையும் நீக்கவில்லை. குளத்தை ஒட்டிய துண்டுகளின் சொந்தக்காரர்கள் மட்டும் கடைசி வரை கலையாமல் நின்றார்கள். அதுவே போதுமானதாக இருந்தது.

கம்பெனிக்காரர்கள் பல தடவை வந்தார்கள், போனார்கள். கடைசியில் சதீஷ் புது வரைபடத்தோடு வந்தார். மதில் பின்னால் தள்ளிப் போயிருந்தது. குளத்தைச் சுற்றி மேய்ச்சல் நிலமும், ஊரிலிருந்து கரை வரைக்கும் பாதையும் வெளியே நின்றன. ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சியும் வேலையும் உண்டு என்பதும் ஒப்பந்தத்தில் ஏறியிருந்தது. அக்கா அதை வேலம்மாளுக்குப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பதில் வந்த பிறகுதான் பேனாவைத் தொட்டார். அன்று அந்த அறையில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பவர்கள்போல நிமிர்ந்து நின்றது எனக்குக் கண்ணிலேயே இருக்கிறது.

ஆலை வந்துவிட்டது. அதனால் ஊர் மாறவில்லை என்று நான் எழுத மாட்டேன். பனைவிளை போய்விட்டது. லாரிப் புழுதி வீட்டுக்குள் வருகிறது. வெளியூர் ஆட்கள் வந்ததால் வீட்டு வாடகை ஏறிவிட்டது. ஆனால் வேலம்மாளின் ஆடுகள் மதிலோரமாகவே நடந்து குளத்துக்குப் போகின்றன. மாரிச்செல்வி கம்பெனிச் சீருடையில் வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்புகிறாள். திறப்பு விழாவுக்குப் போன இடத்தில் நான் "ஜெயிச்சிட்டோம் அக்கா" என்றபோது அவர் தலையை ஆட்டினார். "அப்படிச் சொல்லாதிய. விடக் கூடாதத விடல. அவ்வளவுதான்."

விழாவோடு அவர் நிறுத்தவில்லை. கம்பெனி பஸ் ஊருக்குள் வராமல் பெண்களை நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிடுகிறது என்று மாரிச்செல்வி ஒரு நாள் போனில் சொல்லியிருக்கிறாள். அக்கா உடனே சதீஷைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"சார், உங்க மகளா இருந்தா ரோட்டுல எறக்கி விடுவியளா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. அக்கா, "சரி சார், நாளைக்குக் கேக்குதேன்," என்றார். மறுநாள் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். அந்த வாரத்துக்குள் பஸ் கோயில் வரை வந்தது.

சதீஷ் இப்போது புனேயில் வேறு வேலையில் இருக்கிறார். சாவுக்கு வந்து, கூட்டத்தின் பின்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "நான் அங்க இருந்தவரைக்கும் ஏதாவது முடிவு எடுத்தா, இதுக்கு பூரணம் மேடம் என்ன கேப்பாங்கன்னு எங்க ஆபீஸ்ல முதல்லயே பேசிக்குவோம் சார்," என்று என்னிடம் சொன்னார். எதிரே உட்கார்ந்து பேசிய மனிதர் இப்படிச் சொல்லும்படி வாழ்ந்தவர் நம் அக்கா.

அவர் போன பிறகு சங்கத்தின் முதல் கூட்டம் போன மாதம் நடந்தது. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்காக இப்போது நம் சந்துகளையே அளக்க வருகிறார்கள். யாருக்கு எங்கே வீடு என்பதுதான் எல்லோர் வாயிலும். வீட்டுக்காரர்கள் நேரத்துக்கு வந்து அறையை நிறைத்துவிட்டார்கள். வரிசை வரிசையாகப் பார்த்தேன். மாடிகளில் வாடகைக்கு இருப்பவர்கள் ஒருவர்கூட இல்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவேயில்லை.

"ஆரம்பிங்க செயலாளரே, நேரமாகுது," என்றார்கள்.

பூரணம் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான்: வந்திருப்பவர்களைப் பார்க்கும்போதே வராதவர்களைத் தேடுவது. கலாவையும் இன்னும் இரண்டு பேரையும் மாடி மாடியாக அனுப்பினேன். நாற்காலிகளை நெருக்கிப் போடச் சொன்னேன். அவர்கள் ஏணிகளில் இறங்கி வந்து உட்காரும் வரை கூட்டத்தைத் தொடங்கவில்லை.