சூடு போடாத கன்றுகள்

அத்தை வெளிநாட்டில் நான்கு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியபோது, லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் ஒரு பெரிய டிவியை எதிர்பார்த்தார்கள். அவள் வாங்கியது மூன்று காளைக்கன்றுகள். வட்டவளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாலுக்கு மாடு வைத்திருந்தவர்கள் உண்டு. இறைச்சிக்கென்று காளை வளர்க்கத் துணிந்தவள் அத்தை ஒருத்திதான். எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் அவளோடு புல் அறுக்கப் போவேன். செவலைக் கன்றுக்கு மட்டும் ஒரு பிடி கூடுதலாகப் போடுவேன். அது அத்தைக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் இரண்டு மாடுகள் களவு போயின. உடனே பெரியப்பா பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். அடையாளத்துக்குத் தொடையில் எழுத்துச் சுட வேண்டும், கையோடு காயடித்தும் விட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு உடம்பு வைக்காது என்றார். அதுவரை அவர் ஒரு மாட்டுக்கும் கயிறு மாற்றிக் கட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எங்கிருந்தோ சூட்டுக்கோலும், காயை நசுக்க இரண்டு மரக்கட்டைகளும் இரவல் வாங்கி வந்தார்.

கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறுக் குச்சிகளை அடுக்கித் தீ மூட்டினார்கள். அப்பா செவலையைச் சாய்த்துக் காலைக் கட்டினார். அத்தை கன்றின் தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் அதன் கண்ணைப் பொத்தினேன். கோல் சிவந்ததும் பெரியப்பா அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். அத்தை சட்டென்று எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுடைய சட்டைக்கை மேலே ஏறியது. முழங்கைக்குக் கீழே ஒரு கறுத்த தழும்பு, அயன் பெட்டியின் முனை அச்சாகப் பதிந்தது போல. துணி தேய்க்கும்போது கவனமில்லாமல் சுட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

"வேணாண்ணே."

"அடையாளம் இல்லாம களவு போனா யாருகிட்ட போய்க் கேப்ப?"

"போனா போகட்டும். சூடு மட்டும் வேணாம்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். அத்தை கோலை வாங்கி, லயத்து ஓரமாய் ஓடிய கான் தண்ணீரில் போட்டாள். அது சீறி அடங்கியது.

மறுநாள் அவள் டவுனுக்குப் போய், அரைகுறைச் சிங்களத்தில் விவரம் சொல்லி, மாட்டு டாக்டரம்மாவைக் கூட்டி வந்தாள். டாக்டரம்மா ஊசி போட்டார். இடம் மரத்துப்போகும்வரை பொறுமையாக நின்றார். பிறகு நீண்ட பிடி வைத்த இடுக்கியால், தோலை வெட்டாமலே, உள்ளே இருந்த நரம்பை நசுக்கினார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அடையாளத்துக்குக் காதில் நம்பர் போட்ட மஞ்சள் அட்டை.

"இது வலிக்காதா அத்தை?"

"வலிக்கும்டி. கொஞ்சமா வலிக்கிற மாதிரி செய்யலாம்ல. அதைக் கேக்கத்தான் போனேன்."

காது அட்டை தன்னுடைய யோசனை என்று பெரியப்பா ஒரு மாதம் சொல்லித் திரிந்தார்.

கன்றுகள் உடம்பு வைத்தன. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் ஒரு நாள் வந்தார். அதே வீட்டில் அத்தையை மறுபடி கேட்கிறார்களாம். அத்தை அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கொட்டிலைக் காட்டினாள்.

"முடியாதுங்க. இதுகளை யாரு பாக்கிறது? அடுத்த மாசம் இன்னும் ரெண்டு வருது."

எங்கள் அத்தைக்கு மாடென்றால் அவ்வளவு பாசம், அதனால்தான் வெளிநாடே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று மறுநாள் வகுப்பில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன்.