ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு

திண்டுக்கல்லில் புதிதாகத் தொழில் தொடங்கிய ஏழெட்டுப் பேர் ஞாயிறுதோறும் என் இட்லி மாவுக் கடை மாடியில் கூடுவோம். அவரவர் பாக்கெட்டை மேசையில் வைக்க வேண்டும். மற்றவர்கள் அதன் வடிவமைப்பில் குறை சொல்ல வேண்டும். 'கேலி கூடாது' என்று சுவரில் எழுதி ஒட்டியவன் நான்தான்.

அன்று அகரத்திலிருந்து முதன்முறையாக வந்த செல்வி, தன் முருங்கைக்கீரை சூப்புப் பொடியை வைத்தார். எனக்குத்தான் நாக்கில் சனி ஆயிற்றே.

"ஏம்மா, இது சூப்புக்கா, எலிக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே பாக்கெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு அதில் பெருமை வேறு.

அடுத்து என் மாவு பாக்கெட். "அம்புட்டு அழகுண்ணே" என்றார்கள். செல்வி மட்டும் எடுத்துக் கிழித்துப் பார்த்தார். கிழியவில்லை.

"அண்ணே, இடுப்புல பிள்ளைய வச்சிருக்கவ இத எப்படிப் பிரிப்பா? ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு விடுங்க."

அடுத்த வாரம் அவர் வரவில்லை. போன் செய்தேன்.

"பொடிய நிறுத்திட்டேண்ணே. இப்ப அந்தப் பாக்கெட்டப் பாத்தாலே எனக்கும் எலி மருந்தாத்தான் தெரியுது."

மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்கண்ணே. வெட்டு விட்டீங்களா?"

விட்டேன். இப்போது என் பாக்கெட் ஒரே இழுப்பில் கிழிகிறது. கிழிக்கும்போதெல்லாம் 'எலிக்கா?' என்று நான் கேட்டதுதான் காதில் விழுகிறது.