பதினைந்து வரிக்கு முப்பது வரி

சின்ன அத்தான் புத்தகம் போடப்போகிறார் என்ற செய்தி பெரிய அத்தானுக்கு முடிவெட்டும் கடையில் கிடைத்தது. கடைக்காரருக்குச் சொன்னது அவர் மனைவி. அவளுக்குச் சொன்னது நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற யாரோ. கோடை முழுக்க தினமும் கொஞ்சம் எழுதுவது என்று நூலகம் நடத்துகிற சவாலில் சின்ன அத்தான் பெயர் கொடுத்திருந்தார், அவ்வளவுதான். மூன்று வாய் மாறியதில் அது எழுதி முடித்துவிட்டார், அட்டைப்படம் மட்டும்தான் பாக்கி என்று ஆகியிருந்தது. பாதி முடி வெட்டியிருக்கும்போதே, பெரிய அத்தான் எனக்கு போன் செய்தார்.

"உண்மையாடா?"

இந்த ஊருக்கு வந்து இத்தனை வருடமாகியும் போன் மணி அடித்தால் எனக்கு முதலில் விசா அலுவலகம்தான் நினைவுக்கு வரும். அத்தான் குரல் இருந்த இருப்பில் அதைவிடப் பெரிதாக ஏதோ ஆகிவிட்டதென்று பயந்தேன். விஷயம் தெரிந்ததும் சிரித்துவிட்டேன். அது தப்பு.

எனக்கு இரண்டு அக்காக்கள். பெரிய அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். சின்ன அக்காவின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். குடும்பத்தில் கதை சொல்லும் உரிமை பெரிய அத்தானுடையது. யார் வீட்டில் கூடினாலும் சாப்பாடு முடிந்து, தட்டுகள் இன்னும் எடுக்கப்படாத நேரத்தில், அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளுவார். அதுதான் அறிவிப்பு. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள், மாட்டிக்கொண்டு சண்டை போட்டவர்கள், மாட்டிக்கொண்டு சமாதானம் ஆனவர்கள் எல்லோரையும் அவர் காப்பாற்றியிருக்கிறார். நாயிடமிருந்து தப்பி, பிரம்பு போல ஆடும் ஒரு மரத்தில் ஏறியிருக்கிறார். முதல் தடவையிலேயே லைசன்ஸ் வாங்கியிருக்கிறார். எல்லாக் கதைகளும் எங்களுக்கு மனப்பாடம்.

பெரிய அக்கா சத்தம் போட்டுச் சிரிப்பவள் இல்லை. தோள் மட்டும் குலுங்கும், பிறகு கண்ணைத் துடைத்துக்கொள்வாள். கல்யாணமான புதிதில் அந்தத் தோளைக் குலுங்க வைப்பதற்காகவே அத்தான் வேலையிலிருந்து ஓடிவருவாராம். இப்போதெல்லாம் அவர் நாற்காலியைத் தள்ளினால் அக்கா தட்டுகளை எடுக்க எழுந்துவிடுகிறாள்.

எனக்கு போன் செய்த மறுநாளே பெரிய அத்தானும் பெயர் கொடுத்தார். சவாலில் வெற்றி தோல்வி கிடையாது. நூலகத்தம்மா எல்லோரையும் ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்து, ஒவ்வொருவரும் தனக்கென ஓர் இலக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். எதுவானாலும் சரி, அன்றன்றைக்கு எழுதி முடித்ததும் குழுவில் ஒரு பச்சைப் புள்ளி போட வேண்டும். பாதிக் கோடை போனதும் விரும்பினால் இலக்கை ஒரு தரம் மாற்றிக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை: அடுத்தவர் கையில் இருப்பதை இலக்காக வைக்கக் கூடாது. நீங்கள் தனியாக உட்கார்ந்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு நர்ஸ், வேலைக்குக் கிளம்புமுன் ஒரே ஒரு வாக்கியம் என்று போட்டிருந்தார். ஓய்வு பெற்ற ஒருவர், தன்னோடு பேசாமல் இருக்கும் மகனுக்கு அனுப்பப்போவதில்லை என்று தெரிந்தே தினம் ஒரு கடிதம் என்றார்.

அத்தான் இதையெல்லாம் படிக்கவில்லை. "அவன் என்ன போட்டிருக்கான், அதை மட்டும் சொல்லு" என்றார்.

"தினமும் பதினைஞ்சு வரி. அப்புறம்..."

"எனக்கு முப்பதுன்னு போடு."

முதலில் சின்னதாக ஆரம்பிக்கலாமே என்று இழுத்துப் பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ரோட்டு மேலயே போய் வர்றவன் பதினைஞ்சு எழுதுறான். முப்பது மாடி ஏறி இறங்குறவன் எழுத மாட்டேனா?"

அந்த 'அப்புறம்' என்ன என்று அவர் கேட்கவில்லை. நானும் பிறகு சொல்லவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டின் மாலைகள் மாறின. அத்தான் வேலையிலிருந்து வந்து, கையில் கிரீஸ் போகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் உட்காருவார். எழுதுகிறாரோ இல்லையோ, சின்ன அத்தானின் பச்சைப் புள்ளி வந்துவிட்டதா என்று போனை எடுத்து எடுத்துப் பார்ப்பார். வந்திருந்தால் முகம் சுருங்கும். வராவிட்டால், இவன் எங்கே போய்த் தொலைந்தான் என்று அதற்கும் சுருங்கும். கதை சொல்லும்போது மடைதிறந்த மாதிரி வருவது, பேனாவைப் பிடித்ததும் அடைத்துக்கொண்டது. ஒரு நாள் எழுதியதை எனக்குக் காட்டினார். "காலையில் மேகம் இருந்தது. பிறகு மேகம் இல்லை. லிஃப்டின் கதவு ரோலரை மாதம் ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும்" என்று போய்க்கொண்டிருந்தது. வரி சீக்கிரம் முடிவதற்காக எழுத்துகள் கட்டைவிரல் அளவுக்குப் பெருத்திருந்தன. நன்றாக இருக்கிறது என்றேன். வேறென்ன சொல்வது?

இதற்கிடையில் சின்ன அத்தான் ஒரு நாள் இவருக்கு போன் செய்து, "அண்ணே, அந்த மெத்தை ஆளு மாட்டினது எந்த மாடி?" என்று கேட்டாராம். மெத்தைக் கதை இவருடைய கதைகளிலேயே தலையாயது. ஒருவர் புது மெத்தையை லிஃப்டுக்குள் திணிக்க, கதவு பாதியில் கடித்துக்கொள்ள, இவர் கூரைத் திறப்பு வழியாக இறங்கி ஆளையும் மெத்தையையும் மீட்ட கதை. தன் கதையைச் சகலை கேட்டு வருகிறானே என்ற பெருமையில் ஆறாவது மாடி என்று சொல்லி, கதையையும் இன்னொரு முறை முழுதாகச் சொல்லி முடித்துத்தான் போனை வைத்திருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து நான் அங்கே போயிருந்தேன். அக்கா சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு, மேடையில் சாய்ந்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அத்தான் பேனாவை வைத்தார்.

"என்ன பாக்குற?"

"சின்னவர் எழுதினது" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "உங்க மெத்தைக் கதை. தங்கச்சி அனுப்பினா."

அவர் போனை வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க, முடிவெட்டும் கடையில் தொடங்கிய எரிச்சல் காது வரைக்கும் ஏறியது எனக்கே தெரிந்தது. பதினைந்து வரிதான். அன்றைக்கு அத்தானின் வேன் பழுதாகி, சின்ன அத்தான்தான் காரில் கூட்டிப்போயிருக்கிறார். கதவு மெத்தையைக் கடித்தது உண்மை. ஆனால் கூரையிலிருந்து யாரும் இறங்கவில்லை. அத்தான் உள்ளே போய் இழுத்ததும் மெத்தை முழுதாக உள்ளே வந்துவிட்டது, கதவு மூடிவிட்டது, லிஃப்ட் நின்றுவிட்டது. கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி வெளியே பையில். பை சின்ன அத்தான் கையில். அவருக்கு எந்தக் காரையும் ஓட்டத் தெரியும், அந்தச் சாவியை எங்கே நுழைப்பது என்று தெரியாது. கட்டட மேலாளர் வந்து திறந்தபோது, மெத்தைக்குச் சொந்தக்காரர் ஓர் ஓரமாக ஒடுங்கி நின்றுகொண்டிருந்தார். என் அத்தான் அவருடைய புது மெத்தையில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"திருட்டுப் பய" என்றார் அத்தான். "என் கதைய எடுத்து..."

அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "நீங்க சொல்லும்போது நீங்க ஒருத்தர்தான் நிப்பீங்க, மத்தவங்க எல்லாம் விழுவாங்க" என்றாள். "இதுல நீங்க படுத்திருக்கீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை. மறுபடி தோள் குலுங்கியது, அதுவும் அவரைப் பார்த்துக்கொண்டே.

வீட்டுக்குத் திரும்புமுன் சின்ன அத்தானை அழைத்துக் கேட்டேன், இந்தப் பிரச்சினை பெரிதாகிவிடுமோ என்ற பயத்தில். அவருக்கு ஆச்சரியம்தான். கதவுக்கு வெளியே பையோடு நின்றது தான்தானே, அப்புறம் அது எப்படி ஒருத்தர் கதையாகும் என்றார். முதல் நாளே சொல்லிவிட்டுத்தானே ஆரம்பித்தேன் என்றார். உண்மைதான். 'தினமும் பதினைந்து வரி' என்பதற்குப் பின்னால் அவர் எழுதியிருந்தது: "நான் கண்ணால் பார்த்தது மட்டும்." நான் சொல்லாமல் விட்ட 'அப்புறம்' அதுதான். அதை அத்தானிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. வெளுத்துப்போனார்.

"அவன் என்னவெல்லாம் பார்த்திருக்கான்னு உனக்குத் தெரியாதுடா."

பிறகு, அக்கா குளிக்கப் போன நேரத்தில், மெல்ல ஒன்றைச் சொன்னார். அவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது சின்ன அத்தான். அக்காவுக்கு இன்றுவரை அது முதல் தடவை வாங்கிய லைசன்ஸ். குடும்பத்தில் யார் தேர்வில் தோற்றாலும் அவள் எடுத்துக்காட்டாகச் சொல்வது அதைத்தான். சின்ன அத்தானுக்கு மட்டும் தெரியும் அது எத்தனையாவது என்று.

பாதிக் கோடை வந்தது. இலக்கை மாற்ற விரும்புகிறவர்கள் மாற்றலாம் என்று நூலகத்தம்மா குழுவில் எழுதினார். நர்ஸ் ஒரு வாக்கியத்தை இரண்டாக்கினார். கடிதம் எழுதுகிறவர் ஒன்றும் மாற்றவில்லை. அத்தான் என்னிடம் கேட்காமல் தானே போட்டார்: "என் சகலை என்னைப் பற்றிப் பார்த்ததையெல்லாம் அவர் எழுதுவதற்கு முன் நானே எழுதுவது. வரிக்கணக்கு இல்லை."

இது அடுத்தவர் கையில் இருக்கிறதே என்று நூலகத்தம்மா பணிவாகக் கேட்டார்.

"வேகமா எழுதினா என் கையில" என்று பதில் போட்டார் அத்தான்.

அன்று மாலை நான் போனபோது வெளியில் இன்னும் நல்ல வெளிச்சம். மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். எழுத்துகள் சிறுத்திருந்தன. நிமிராமல் கையை மட்டும் காட்டி என்னை உட்காரச் சொன்னார். எட்டிப் பார்த்தேன். தேர்வு நாளில் ஒரு ரவுண்டானாவுக்குள் நுழைந்து, வெளியேற வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்ததும், தேர்வு அதிகாரி மூன்றாவது சுற்றில் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்ததும், அதுவே மூன்றாவது தேர்வு என்பதும், இறங்கியதும் சகலையின் காரில் உட்கார்ந்து அழுததும் அங்கே இருந்தன. மேகம் இல்லை.

அக்கா வந்து, கேட்காமலே அந்தத் தாளை அவர் கைக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டாள். நின்றபடியே படிக்கத் தொடங்கினாள்.

மேசையில் போன் அடித்தது. திரையில் 'சகலை' என்று வந்தது. குழுவில் போட்டதைப் பார்த்துவிட்டு அழைக்கிறாரா, இல்லை எந்த ரவுண்டானா என்று கேட்க அழைக்கிறாரா, தெரியவில்லை. 

"எடுங்களேன்" என்றாள் அக்கா, தாளிலிருந்து தலை நிமிராமல்.

அத்தான் போனைத் தொடவில்லை. அது அதிர்ந்து அதிர்ந்து மேசையின் விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவளுடைய தோளை.